மகாமகத்துக்கு முன் நம் தெருக்களை நாமே எண்ணிவிடுவோம்: கும்பகோணம் போக்குவரத்துக் கணக்கெடுப்பு

வடகரை வாசி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். அடுத்த மகாமகம் 2028 மாசியில் வருகிறது. 2016 பிப்ரவரி 22 அன்று நடந்த மகாமகத்துக்கு முன் ஊரில் சாலைப் பணிகளும் மகாமகக் குளக்கரைப் பணிகளும் நடந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். எந்தத் தெருவுக்கு எது வேண்டும் என்று அப்போது ஊராரிடம் யாரேனும் கேட்டிருந்தாலும், நெரிசல் அதிகம் என்பதைத் தவிர வேறு பதில் நம் கையில் இருந்திருக்காது. சென்ற ஆண்டு எங்கள் தெருக்காரர்கள் பதினோரு பேர் கையொப்பமிட்டு, குளத்தின் வடகரையில் பாதசாரிகள் கடக்கும் கோடும் வேகத்தடையும் வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். மனுவை வாங்கியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால், ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டி போகிறது, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று அவர் கேட்டபோது எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த மனு அத்தோடு நின்றுவிட்டது.

ஆகவே, ஊர்ப் பொதுமக்களே தன்னார்வலர்களாக நின்று ஒரு முறையான போக்குவரத்துக் கணக்கெடுப்பை நடத்தலாம் என்று நினைக்கிறேன். வடக்கே காவிரிக்கும் தெற்கே அரசலாற்றுக்கும் நடுவே அமைந்த ஊர் இது. கோயில் வீதிகளை அகலப்படுத்தவும் முடியாது, அகலப்படுத்தவும் கூடாது. இருக்கிற அகலத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வதே முதல் வேலை. மகாமகக் குளத்தின் நான்கு கரைகள், பெரிய கடைத்தெரு, மடத்துத் தெரு, பாலக்கரை ஆகிய இடங்களை முதலில் எடுத்துக்கொள்ளலாமா? இதில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

நல்ல முயற்சி, ஐயா. நெடுஞ்சாலைப் பணியில் இருந்தபோது பல முறை வாகனக் கணக்கெடுப்பு நடத்தியவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்கிறேன்.

ஊருக்கு வெளியே உள்ள சாலைகளில் கணக்கெடுக்கும்போது, தொடர்ந்து ஏழு நாள், நாளொன்றுக்கு 24 மணி நேரம், ஆண்டுக்கு இரண்டு முறை என்பது, சாலைகளுக்கான தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 1972இல் வகுத்த முறை. அறுவடை முடிந்து பொருள்கள் நகரும் காலத்தில் ஒரு முறையும், போக்குவரத்துக் குறைவான காலத்தில் ஒரு முறையும் எண்ண வேண்டும். தன்னார்வலர்களால் அவ்வளவு செய்ய இயலாது, ஊருக்குள் அது தேவையும் இல்லை. காலை 8 முதல் 11 வரை, மாலை 4 முதல் 8 வரை என்று இரண்டு வேளை, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாள்களில் எண்ணினால் வழக்கமான நிலவரம் கிடைத்துவிடும். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தனியாக எண்ணுங்கள். நவக்கிரகக் கோயில்களுக்குச் செல்லும் வேன்களும் கார்களும் அன்றுதான் ஊரை நிறைக்கின்றன.

நாள் குறிக்கும்போது பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் குறிக்காதீர்கள். பட்டுக்கும் பாத்திரத்துக்கும் சுற்று வட்டாரமே இங்கு வருவதால், முகூர்த்த நாளில் எடுத்த கணக்கும் முகூர்த்தம் இல்லாத ஆடி மாதத்தில் எடுத்த கணக்கும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஆடியில் கல்யாணக் கூட்டம் இல்லையே தவிர, வெள்ளிக்கிழமைக் கோயில் கூட்டமும் ஆடித் தள்ளுபடிக் கூட்டமும் உண்டு. பள்ளி விடுமுறையில் எண்ணினால் காலை ஒன்பது மணி நெரிசலே கணக்கில் வராது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தாளும் நனையும், எண்ணுகிறவரும் நனைவார். தை பிறந்து, பொங்கல் விடுமுறை முடிந்த பிறகு வரும் வாரங்களே பொருத்தமானவை. தையில் முகூர்த்தங்கள் மிகுதி என்பதால் அந்த நாள்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

தாளைப் பதினைந்து நிமிடக் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு நேர்க்கோடு, ஐந்தாவது குறுக்குக்கோடு என்று போட்டுக்கொண்டே போகலாம். இருசக்கர வண்டி, ஆட்டோ, கார், குட்டியானை போன்ற சிறு சரக்கு வண்டி, பேருந்து, லாரி, டிராக்டர், மிதிவண்டி, தள்ளுவண்டி என்று தனித்தனிப் பத்திகள் வேண்டும். இவற்றைப் பிறகு காருக்குச் சமமான அலகாக, அதாவது ஒரு வண்டி சாலையில் எத்தனை காருக்கு ஈடாகிறது என்று, மாற்றிக் கணக்கிடுவோம். நகரச் சாலைகளுக்கு 1990இல் வந்த வழிகாட்டியின்படி, மொத்தத்தில் பத்து விழுக்காடும் அதற்கு மேலும் இருசக்கர வண்டிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.75, ஆட்டோக்கள் அதே அளவில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 2.0, ஐந்து விழுக்காட்டுக்கு உட்பட்ட பேருந்தும் லாரியும் ஒவ்வொன்றும் 2.2 என்று கொள்ள வேண்டும். விளக்கத்துக்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஒரு மணி நேரத்தில் 800 இருசக்கர வண்டி, 100 ஆட்டோ, 80 கார், 20 பேருந்து, ஆக 1,000 வண்டிகள் என்றால், 600, 200, 80, 44 என்று கூட்டி 924 அலகுகள் வரும். அலுவலகங்கள் இந்த எண்ணைத்தான் கேட்கும்.

இரு பிள்ளைகளின் தாய்

ஓவர்சீயர் ஐயாவின் பதிவைப் பொறுமையாக இரண்டு முறை படித்தேன். மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் என் மகளுக்கும் மகனுக்கும் எந்தப் பத்தி என்று எனக்குத் தெரியவில்லை. இருவரும் நடந்தே பள்ளிக்குப் போகிறார்கள். தள்ளுவண்டிக்குக் கூடப் பத்தி இருக்கிறது, நடக்கிறவர்களுக்கு இல்லை.

மன வருத்தத்தில் மட்டும் இதைச் சொல்லவில்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். வண்டியை மட்டும் எண்ணிக் கொடுத்தால், வண்டி விரைவாகப் போவதற்கு வழி செய்யுங்கள் என்று நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். 1992 மகாமகத்தில் குளக்கரையில் உயிர்களைப் பறித்தது மக்கள் நெரிசல்தான். அந்தக் கரையில் நின்று எண்ணும்போது நடக்கிறவர்களை விட்டுவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. 20 பேருந்துக்கு 44 அலகு என்று ஐயா எழுதியிருக்கிறார். அவருடைய கற்பனைக் கணக்கிலேயே பேருந்துக்கு 50 பேர், ஆட்டோவுக்கு 3 பேர், காருக்கு 2 பேர், இரண்டு இருசக்கர வண்டிக்கு 3 பேர் என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 2,660 பேரில் 1,000 பேர் பேருந்தில் போகிறார்கள். சாலையில் இருபதில் ஒரு பங்கு இடத்தைக் கூட எடுக்காத வண்டி, மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட மக்களைச் சுமக்கிறது. பாலக்கரையில் பேருந்தை ஓரங்கட்டி நிற்க விடாமல் ஹாரன் அடிக்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை பார்க்க வேண்டும். ஆகவே வண்டிகளோடு ஆள்களையும் எண்ணுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

அம்மா, நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. பழகிய கை பழகிய தாளையே நீட்டிவிட்டது, பிழை என்னுடையது. நடப்பவர்களுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸில் விதி உண்டு. பாதசாரி வசதிக்கான 2012ஆம் ஆண்டு வழிகாட்டி, நடைபாதையில் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், அதன் ஓர உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஓர் அளவுநாடா இருந்தால் போதும், ஒரு காலை நேரத்தில் பெரிய கடைத்தெரு முழுவதையும் அளந்துவிடலாம். மின்கம்பமோ, மின்மாற்றியோ, கடைப் படிக்கட்டோ இருக்கும் இடத்தில், அவற்றைத் தவிர்த்து மிஞ்சும் அகலத்தைத்தான் எழுத வேண்டும்.

கடக்கும் கோட்டுக்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. நெரிசல் மிக்க ஒரு மணி நேரத்தில் கடக்கும் ஆள்களின் எண்ணிக்கையை, அதே நேரத்தில் போகும் வண்டிகளின் எண்ணிக்கையால் இரு முறை பெருக்க வேண்டும். நடுத்தடுப்பு இல்லாத சாலையில் விடை 10 கோடியைத் தாண்டினால் அங்கே கடக்கும் வசதி வேண்டும் என்று பொருள். நடுத்தடுப்பு உள்ள சாலைக்கு 20 கோடி. முன்பு எழுதிய கற்பனைக் கணக்கின்படி 1,000 வண்டிகள் போகும் தெருவை 150 பேர் கடந்தாலே 15 கோடி வந்துவிடுகிறது. வடகரை வாசியின் மனுவில் இந்த ஓர் எண் இருந்திருந்தால், அதை மறுத்து எழுதுவதற்கு அலுவலகம் ஒரு காரணத்தைத் தேடியிருக்க வேண்டும்.

பெரிய கடைத்தெரு பாத்திரக்கடை

இந்த இழையை முதலிலிருந்து படித்து வருகிறேன். மூன்று தலைமுறையாகப் பித்தளை, வெண்கல வியாபாரம் செய்கிறோம். உங்கள் நோக்கம் நல்லது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கணக்கெடுப்பு என்று எதைத் தொடங்கினாலும் அது கடைசியில் கடைக்காரன் தலையில்தான் வந்து விடிகிறது. தெருவை ஒருவழிப் பாதை ஆக்குவார்கள், வண்டி நிறுத்தக் கூடாது என்பார்கள். கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க வருகிற குடும்பம் குத்துவிளக்கையும் அண்டாவையும் தூக்கிக்கொண்டு எவ்வளவு தூரம் நடக்க முடியும்? வாசலில் வண்டி நிற்க இடமில்லை என்றால் அவர்கள் புறவழிச் சாலையில் இருக்கும் பெரிய கடைகளுக்குப் போய்விடுவார்கள். நடக்கிறவர்களுக்கு ஒரு பத்தி போடும்போது, வாடிக்கையாளருக்கும் ஒரு பத்தி போடுங்கள்.

தெருவோர வியாபாரிகளையும் மறந்துவிடாதீர்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கும் பாதுகாப்பு தந்திருக்கிறது. தாளில் அவர்களை ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டால், மறுவாரமே அந்தப் பூக்காரியின் கூடை லாரியில் ஏறிவிடும்.

சிவில் மூன்றாம் ஆண்டு

பாத்திரக்கடை ஐயாவின் கவலைக்கு நேராகப் பதில் தரக்கூடிய ஒரு கணக்கெடுப்பு முறை இருக்கிறது. அதற்குப் பெரிய செலவும் இல்லை. வண்டி நிறுத்தக் கணக்கெடுப்பு என்று அதைச் சொல்வார்கள். ஒரு தன்னார்வலர் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அரை மணிக்கு ஒரு முறை நடந்து சென்று, நிற்கும் ஒவ்வொரு வண்டியின் பதிவெண்ணிலும் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எழுதிக்கொள்ள வேண்டும். காலை 9 முதல் இரவு 8 வரை இப்படி 23 நடை நடந்தால், எந்த வண்டி அரை மணியில் போனது, எது நாள் முழுக்க நின்றது என்று தெரிந்துவிடும். ஓர் இடத்தில் ஒரே வண்டி பத்து மணி நேரம் நிற்குமானால், அரை மணி மட்டும் நிற்கக்கூடிய இருபது வாடிக்கையாளர்களின் இடத்தை அது எடுத்துக்கொண்டது என்று ஆகிறது.

முழுப் பதிவெண்ணையும் எழுத வேண்டாம், முகம் தெரியும்படி படமும் எடுக்க வேண்டாம். நான்கு இலக்கம் இந்த வேலைக்குப் போதும். அதை வைத்து யாருடைய வீட்டையும் தேடிப் போக முடியாது என்பதே அதன் சிறப்பு. தெருவோரக் கடைகளை, நடைபாதையில் மிஞ்சும் அகலம் எவ்வளவு என்ற அளவோடு மட்டும் குறிப்போம். ஆக்கிரமிப்பு என்ற சொல்லே தாளில் வேண்டாம்.

வேகத்தையும் அளக்கலாம். சாலையோரத்தில் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடு போட்டு, கைப்பேசியில் உள்ள நிறுத்துக் கடிகாரத்தால் நேரம் பார்த்தால் போதும். 6 வினாடி என்றால் மணிக்கு 30 கிலோமீட்டர், 4.5 வினாடி என்றால் 40, 3 வினாடி என்றால் 60. முன்னால் தடையில்லாமல் வரும் வண்டிகளை மட்டும் எடுக்க வேண்டும். நூறு வண்டிகளின் வேகத்தை ஏறுவரிசையில் எழுதி, 85ஆவது இடத்தில் வரும் எண்ணைத்தான் பொறியாளர்கள் பார்ப்பார்கள். விரல் அழுத்தத்தில் கால் வினாடி பிசகினால் கூட வேகமான வண்டிகளில் நான்கைந்து கிலோமீட்டர் மாறிவிடும் என்பதால், ஒருவரே இரு கோட்டையும் பார்க்காமல், முதல் கோட்டில் நிற்பவர் கையை இறக்கிக் காட்ட, இரண்டாம் கோட்டில் நிற்பவர் அழுத்துவது நல்லது.

லேவனிலிருந்து

பெல்ஜியத்தில் லேவன் நகரில் வசிக்கும் கும்பகோணத்துக்காரன் நான். இங்கே நடப்பதைச் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன். பிளாண்டர்ஸ் பகுதியில் 2018 முதல், மே மாதத்தில் ஒரு வியாழக்கிழமை மாலை 5 முதல் 6 வரை, பொதுமக்கள் தத்தம் வீட்டு வாசலில் உட்கார்ந்து தங்கள் தெருவில் போகிறவர்களை எண்ணுகிறார்கள். நடப்பவர், மிதிவண்டி, கார், வேன், லாரி, பேருந்து என்று எல்லாமே அதில் உண்டு. ஒருவருக்கு ஒரு மணி நேர வேலைதான். ஆனால் எல்லாத் தெருவிலும் அதே ஒரு மணி நேரம் என்பதால், தெருவுக்குத் தெரு ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. ஆண்டுதோறும் நடப்பதால் போன ஆண்டோடும் ஒப்பிட முடிகிறது.

2019 வாக்கில் இந்த லேவனிலேயே சன்னல் கண்ணாடியில் ஒட்டி வைக்கும் சிறு எண்ணும் கருவிகளும் வந்தன. படத்தைச் சேமிக்காமல் எண்ணிக்கையை மட்டும் அனுப்பும் கருவி அது. முதலில் வந்த வகை இருட்டிவிட்டால் எண்ணாது. நம் ஊரில் மாலை ஆறரைக்கு மேல்தான் கடைத்தெரு களைகட்டும் என்பதால், கருவியைத் தேடி அலையாமல் மனிதக் கண்ணையே நம்புங்கள் என்பது என் கருத்து. இதை ஒரு முறையோடு நிறுத்தாமல், 2028 வரை ஆண்டுதோறும் அதே வாரத்தில் எண்ணுங்கள். ஒரு தெருவில் மாற்றம் செய்த பிறகு அது பயன்பட்டதா என்று சொல்ல முன்னைய கணக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும்.

வடகரை வாசி

சென்ற புதன்கிழமை மாலை நாங்கள் ஆறு பேர் ஒன்றரை மணி நேரம் ஓர் ஒத்திகை பார்த்தோம். எண்களை இங்கே போடப் போவதில்லை. அவை ஒத்திகைக்கானவை, பிழை மலிந்தவை. ஆனால் கற்றுக்கொண்டவை நிறைய.

முதல் பதினைந்து நிமிடத்தில் ஒரே திசையை எண்ணிய இருவரின் கணக்கு ஒத்துவரவில்லை. எதிரே இருந்த கடைக்காரரின் அனுமதியோடு அவருடைய கேமராப் பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. பேருந்து கடக்கும்போது அதன் மறுபக்கத்தில் ஒட்டிச் செல்லும் இருசக்கர வண்டிகள் சாலையின் இந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வொரு திசையையும் அந்தந்தத் திசையின் ஓரத்தில் நிற்பவரே எண்ண வேண்டும். குட்டியானையைச் சிலர் காரிலும் சிலர் லாரியிலும் போட்டிருந்தார்கள். இனி தாளின் தலைப்பிலேயே அதன் படத்தை வரைந்துவிடுவோம்.

நடப்பவர்களை எண்ணும் வேலை என்னிடம் இருந்தது. ஐந்து மணி சுமாருக்கு, இடுப்பில் பூக்கூடையோடு ஒரு பாட்டி வடகரையிலிருந்து கடக்க வந்து நின்றார். ஓர் அடி எடுத்து வைத்தார், ஆட்டோ வந்தது, பின்வாங்கினார். மறுபடியும் அடி எடுத்து வைத்தார், இரண்டு வண்டிகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வந்தன, பின்வாங்கினார். மூன்றாம் முறை கூடையை இடுப்பிலிருந்து தலைக்கு மாற்றி, ஒரு கையை நீட்டிக் காட்டிக்கொண்டே நடுச்சாலை வரை போய், அங்கே இரு பக்கமும் வண்டிகள் ஓட அசையாமல் நின்றார். கடந்து முடித்தபோது என் கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகியிருந்தது. தாளில் அவருக்காக நான் போட்டது ஒரே ஒரு கோடு. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்தப் பாட்டியைப் போன்றவர்கள் எத்தனை முறை பின்வாங்குகிறார்கள் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை. இனி கடக்கக் காத்திருக்கும் நேரத்துக்கும் ஒரு பத்தி சேர்க்கிறோம். எல்லோருக்கும் நேரம் பார்க்க இயலாது என்பதால், பத்தில் ஒருவருக்கு மட்டும் பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது.

இரு பிள்ளைகளின் தாய்

அந்தப் பத்திக்கு மிகவும் நன்றி. இரண்டு வேண்டுகோள்கள். பள்ளி மாணவர்களை எண்ணுவதற்கு அழைத்தால், பெரியவர் ஒருவர் உடனின்றி அவர்களைச் சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். கடைத் திண்ணை, வீட்டு மாடி போன்ற இடங்களிலிருந்து எண்ணச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் உட்கார வைக்கவும் வேண்டாம், கண் களைத்துப் போனால் கணக்கும் களைத்துப்போகும். மாலை வேளைக்குப் பெண்கள் இருவர் இருவராக வருகிறோம். என் தெருவிலிருந்து நால்வர் பெயர் தந்திருக்கிறார்கள்.

பெரிய கடைத்தெரு பாத்திரக்கடை

மாணவத் தம்பி சொன்னபடி, எங்கள் கடைக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்துக் கடை வாசலை நானும் என் மகனும் சனிக்கிழமை அரை மணிக்கு ஒரு முறை நடந்து எழுதினோம். எழுதியதை இரவு உட்கார்ந்து ஒப்பிட்டோம். காலையிலிருந்து இரவு வரை அசையாமல் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை எங்களுடையவை. கடை முதலாளிகளும் வேலை செய்யும் பிள்ளைகளும் நிறுத்தியவை. என் வண்டியின் நான்கு இலக்கம் எல்லா நடையிலும் இருந்தது.

வாடிக்கையாளருக்கு இடமில்லை என்று இத்தனை ஆண்டு நான் சொல்லி வந்தது உண்மைதான். அந்த இடத்தில் நின்றது யார் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை. எங்கள் தெரு வியாபாரிகளிடம் இந்தத் தாளைக் காட்டி, கடைக்காரர் வண்டிகளை நிறுத்த வேறு ஓர் இடத்தை வாடகைக்கு எடுப்பது பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறேன். ஒப்புக்கொள்ளாதவர்களும் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு நாளில் பெரிய கடைத்தெருவுக்கு என் கடைத் திண்ணையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். தண்ணீரும் மோரும் என் பொறுப்பு.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்

ஐயா, இப்படி ஒரு பதிவைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இனி இதை எங்கே கொண்டு சேர்ப்பது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 2021இல் மாநகராட்சி ஆன பிறகு நமக்கு 48 வார்டுகள். வார்டில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் தாளை வைத்து, அது கூட்டக் குறிப்பில் பதிவாகும்படி கேளுங்கள். அதன் நகல் ஒன்றை ஆட்சியர் தலைமையில் கூடும் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவுக்கும் அனுப்புங்கள். காவல் துறை, நெடுஞ்சாலை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் மூன்றும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பில் விதிமுறையைப் பின்பற்றாதவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. மிரட்டுவதற்காக அதை எழுத வேண்டாம், அளந்த அகலத்துக்குப் பக்கத்தில் விதி சொல்லும் அகலத்தை எழுதினாலே போதும்.

எண்ணும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே போக்குவரத்துக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுத்துவிடுங்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று கேட்பதற்காக எந்த வண்டியையும் நிறுத்தாதீர்கள். காவலர் துணையில்லாமல் அதைச் செய்யக் கூடாது. ஊருக்குள் நிற்காமல் கடந்து போகிற வண்டிகள் எத்தனை என்று தெரிய வேண்டுமானால், பாலக்கரையில் ஒருவரும் தென்புறம் அரசலாற்றுப் பாலத்தில் ஒருவரும் நேரத்தோடு நான்கு இலக்கம் எழுதினால் போதும், இரண்டு தாளையும் ஒப்பிட்டு எடுத்துவிடலாம்.

வடகரை வாசி

நல்லது, ஐயா. இன்று வரை 27 பேர் பெயர் தந்திருக்கிறார்கள். குளத்தின் நான்கு கரைகளுக்கும் பெரிய கடைத்தெருவுக்கும் ஆள் ஆகிவிட்டது. பாலக்கரையில் காலை வேளைக்கு இருவரும், மடத்துத் தெருவில் மாலை 6 முதல் 8 வரை இருவரும் தேவை. திருத்திய தாளை நாளை இரவு இங்கே பதிவேற்றுகிறேன். வருகிறவர்கள் அட்டை, இரண்டு பேனா, குடை, சரியான நேரம் வைத்த கைக்கடிகாரம் ஆகியவற்றோடு, பதினைந்து நிமிடம் முன்னதாக வந்து சேருங்கள்.